பேலட் முத்திரையைப் பாருங்கள்
சரக்கு அடுக்கும் பழைய பேலட் பலகையில் பூந்தொட்டி செய்யலாம் என்கிறது கட்டுரை, சரி, ஆனால் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்கச் சொல்லவில்லையே. ‘எச்டி’ (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, கீரை வைக்க அதைத் தொடவே வேண்டாம். சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017ல் மூடுவதற்கு முன்னால் அங்கே வாங்கிய துருப்பிடித்த மைலோ டின்னில்தான் இன்றும் என் கற்பூரவள்ளி நிற்கிறது. அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வந்துவிடும் (முதல் டின்னில் மறந்துபோய் வேரே அழுகிவிட்டது). அப்புறம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விடுங்கள். என் பலகை பக்கத்து வீட்டுப் பாட்டியின் சக்கர நாற்காலியில் இடித்த பிறகுதான் நானே அளவுநாடாவை எடுத்தேன்.