பார்வை போன பிறகும் கண்ணுக்கு வேலை இருக்கிறது

தூக்கத்தை ஆராயும் பிரிட்டிஷ் விஞ்ஞானி ரசல் ஃபாஸ்டர் ஒரு கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்திவிட்டு எழுந்து போயிருக்கிறார். ஃபாஸ்டரே சொன்ன கதை இது. அப்படி என்ன சொல்லிவிட்டார்? வெளிச்சத்தை உணர, விழித்திரையில் நமக்குப் பார்வை தரும் குச்சி செல், கூம்பு செல் போக இன்னொரு வகை செல்லும் இருக்கிறது என்றார். நூற்றைம்பது வருஷமாகக் கண்ணைக் குடைந்து பார்த்தவர்களுக்குக் கோபம் வராதா? அதிலும் சொல்கிற ஆள் கண் டாக்டர்கூட இல்லை. பறவைகள் பகலின் நீளத்தை எப்படி அறிகின்றன என்று ஆராய்ந்துவிட்டு வந்தவர்.

எனக்கு அவரைப் பிடித்ததே அந்தப் பறவைப் படிப்பால்தான். பறவைகளுக்கு மூளைக்குள்ளேயே வெளிச்சம் உணரும் செல்கள் உண்டு. அதில் ஊறியவருக்கு, பார்ப்பது வேறு, வெளிச்சத்தை உணர்வது வேறு என்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 1991இல் அவரும் வர்ஜீனியா பல்கலைக்கழக சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பரம்பரைக் கோளாறால் பார்வை போன சுண்டெலிகளின் உடல் கடிகாரம் (எப்போது தூங்க, எப்போது விழிக்க என்று உடம்புக்குள் ஓடும் கணக்கு), நல்ல பார்வை உள்ள எலிகளுக்கு நிகராக வெளிச்சத்துக்கு ஏற்ப நேரத்தைத் திருத்திக்கொண்டது. கண்ணையே எடுத்துவிட்டால் அது நடக்கவில்லை. 1999இல், குச்சியும் கூம்பும் அற்ற எலிகளிலும் அதே முடிவு. 2002இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெர்சன் குழு அந்த மூன்றாவது வகை செல்களைக் கையும் களவுமாகப் பிடித்தது. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமியை, ஃபாஸ்டரின் மாணவராக இருந்த இக்னேசியோ ப்ரொவென்சியோ அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். எங்கே? தவளைத் தோலில்!

இந்த செல்கள் நீல ஒளிக்குத்தான் அதிகம் அசைந்து கொடுக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கு, நீல ஒளியைத் தடுக்கும் 'ப்ளூ கட்' கண்ணாடி வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது. 2015இல் வந்த ஓர் ஆய்வில், தொடர்ந்து 5 இரவு, தினம் 4 மணி நேரம் மின்திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் தள்ளிப்போனது சுமார் 10 நிமிஷம். ஃபாஸ்டர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் வெளியே போய் வெயில் படுங்கள் என்பதுதான் அவர் ஓயாமல் சொல்வது. ராத்திரி ஃபோனில் தூக்கத்தைக் கெடுப்பது திரை வெளிச்சத்தைவிட அதில் நடக்கிற சண்டைதான் என்பது என் கட்சி.

2007இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஒரு ஆய்வை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். 87 வயதுப் பாட்டி. குச்சி, கூம்பு செல்கள் செயலிழந்து பார்வை அறவே இல்லாதவர். பல நிற ஒளிகளைக் காட்டிப் பார்த்தார்கள். 481 நானோமீட்டர் நீல ஒளி வந்தபோது மட்டும், விளக்கு எரிகிறதா இல்லையா என்று அவரால் சொல்ல முடிந்தது.

"எப்படியும் பார்வை இல்லையே, எடுத்துடலாம்" என்று கண்ணை அகற்றச் சொல்வது சில நோய்களில் தவிர்க்க முடியாதது. ஆனால் அந்த செல்கள் உயிரோடிருக்கும் கண் இரண்டையும் எடுத்துவிட்டால், வெளிச்சத்தை வைத்து உடம்புக்கு ராத்திரி பகலைச் சொல்ல வேறு வழியே இல்லை. பலருக்குத் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுப்பகலுக்கே வந்துவிடும்.

என் நட்புப் பட்டியலில் கண் மருத்துவர்கள் சிலர் இருக்கிறீர்கள். பார்வை போன கண்ணை எடுக்கும் முன், நோயாளியிடம் ராத்திரித் தூக்கம் எப்படி என்று கேட்கும் வழக்கம் இங்கே இருக்கிறதா? சொல்லுங்களேன்.