தினசரி உபயோகத்துக்கு ரக்கட் லேப்டாப் வேண்டுமா?

வீட்டுக்கும் ஆபீசுக்கும் லேப்டாப் வாங்குகிற ஒருவர் லட்சக்கணக்கில் கொடுத்து ரக்கட் லேப்டாப், அதாவது விழுந்தாலும் நனைந்தாலும் தாங்குகிற மாதிரி உறுதியாகச் செய்த லேப்டாப், வாங்க வேண்டியதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு லேப்டாப்பைப் பறிகொடுத்துவிட்டு மனசு வெறுத்து வருகிறவர்கள். அந்த நேரத்தில் மேலே லாரி ஏறினாலும் தாங்கும் என்று எவராவது வீடியோ போட்டிருந்தால், வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும்.

என் அக்கா மகன் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறான். செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்குத் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வருகிறான். அவனுடைய லேப்டாப்பில் ஹிஞ்ச், அதாவது திரையை உடம்போடு இணைக்கும் கீல், பிய்ந்துவிட்டது. "மாமா, ஒரே தடவையா செலவு பண்ணிட்டா பத்து வருஷத்துக்குக் கவலை இல்லையே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அந்த லேப்டாப்பைக் கழற்றிப் பார்த்தோம். ஹிஞ்ச் இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் சின்னச் சின்னப் பித்தளை நட்டுகளில் இறங்குகின்றன. அந்த நட்டுகள் பதிந்திருப்பதோ வெறும் பிளாஸ்டிக்கில். நாளாக ஆக ஹிஞ்ச் இறுகும். நாம் ஒரு கையால் திரையின் மூலையைப் பிடித்துத் திறப்போம். அந்த விசை முழுக்க ஒரு பக்கத்துப் பிளாஸ்டிக்கில் இறங்கும். முதலில் முடிபோல ஒரு விரிசல், அப்புறம் ஒருநாள் மூடும்போது 'டக்'கென்று ஒரு சத்தம், பித்தளை நட்டு தனியாக உள்ளே உருளும். விலை குறைந்த லேப்டாப்புகள் பல இப்படித்தான் உடைகின்றன. இதற்கு மருந்து ராணுவத் தரம் இல்லை. உலோக உடலும் நல்ல ஹிஞ்சும் உள்ள சாதாரண பிசினஸ் ரக லேப்டாப்பே போதும்.

ரக்கட் லேப்டாப் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பேனசோனிக் தன் ரக்கட் லேப்டாப் வரிசையான டஃப்புக்கில் முதலாவதை 1996-ல் கொண்டுவந்தது. அன்றைக்கு லேப்டாப்பின் உயிர்நிலை ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுழல, அதன் மேல் முடியிழை இடைவெளி கூட இல்லாமல் ஒரு ஊசி மிதக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேஜையிலிருந்து விழுந்தால் ஊசி தட்டில் உரசி, இத்தனை வருட வேலையும் போய்விடும். அதற்காகத்தான் ஹார்ட் டிஸ்கை அதிர்ச்சி தாங்கும் மெத்தைக்குள் வைத்து, மெக்னீசியக் கலவையில் உடம்பு செய்தார்கள். இன்றைக்குக் கடையில் எந்த லேப்டாப்பை எடுத்தாலும் பெரும்பாலும் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான். சுழலும் பாகமே கிடையாது. ரக்கட் லேப்டாப்பைத் தேட வைத்த பெரிய காரணம் ஒன்று, கூடுதல் காசில்லாமலே எல்லோருக்கும் தீர்ந்துவிட்டது. இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

அடுத்து, 'மிலிட்டரி கிரேடு' ஸ்டிக்கர். எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைகள் அடங்கிய ஆவணம். இப்போது இருப்பது 2019-ல் வந்த எச் பதிப்பு. வெயில், குளிர், ஈரப்பதம், மணல், அதிர்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. எதைச் செய்வது, எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்க ராணுவம் உட்கார்ந்து எந்த லேப்டாப்புக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. விழும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை என்று மொத்தம் 26 தடவை, சுமார் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். 2008-ல் வந்த ஜி பதிப்பின்படி, அந்த 26 தடவையையும் ஒரே லேப்டாப் தாங்கியாக வேண்டும் என்றில்லை. ஐந்து லேப்டாப்புகள் வரை பிரித்துக்கொள்ளலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விதியே அப்படி. ஆனால் ஸ்டிக்கரைப் பார்க்கும் நாம் அப்படி நினைத்துக்கொள்வதில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பிலும் அதே 810 இருக்கும், டஃப்புக்கிலும் இருக்கும். எந்தெந்தச் சோதனை என்று விவரக்குறிப்பில் தேடிப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

தண்ணீர் விஷயமும் இதேபோலத்தான். தூசி, தண்ணீர் பாதுகாப்பை ஐபி என்ற குறியீட்டில் சொல்வார்கள். ஐபி65 என்றால் தூசி புகாது, பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும். மூழ்குவதைத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. அதற்கு இரண்டாவது இலக்கம் குறைந்தது 7 ஆக இருக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் சென்னையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதே, அதில் கீழ் அலமாரியில் இருந்த லேப்டாப்பை ஐபி65 காப்பாற்றியிருக்கும் என்று நம்ப முடியாது. இன்னொன்று, இந்தப் பாதுகாப்பெல்லாம் போர்ட்டுகளின் ரப்பர் கதவுகள் மூடியிருந்தால்தான். சார்ஜரும் மவுசும் சொருகி, பக்கத்தில் காபி டம்ளரும் வைத்து வேலை செய்கிற வீட்டில் அந்தக் கதவுகள் நாள் முழுக்கத் திறந்துதான் கிடக்கும்.

ரக்கட் லேப்டாப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார். உச்சி வெயிலில், புழுதிக் காற்றில், கையுறையைக் கழற்றாமல் திரையைத் தொட்டு வேலை பார்க்கிறார். திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரணத் திரையின் வெளிச்சம் 250, 300 நிட்ஸ்தான். டஃப்புக் 40-ன் திரை 1,200 நிட்ஸ். வெயிலில் முன்னதில் நம் முகம்தான் தெரியும், பின்னதில் எழுத்து தெரியும். லேப்டாப் நின்றால் அவருடைய அன்றைய வேலையே நின்றுவிடும். நில அளவை செய்கிறவர்கள், படகில் கருவி வைத்து ஆய்வு செய்கிறவர்கள், சுரங்கத்தில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் இதை வாங்கத்தான் வேண்டும். அவர்களுக்கு அது செலவே இல்லை, தொழில் கருவி.

என் மருமகனுக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் அதன் சுமை மட்டும் அவனுக்கு வரும். டஃப்புக் 40-ன் எடை சுமார் மூன்றேகால் கிலோ. நல்ல பிசினஸ் லேப்டாப் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். காலை நேர ரயிலில், நிற்கக்கூட இடமில்லாத கூட்டத்தில், அந்தக் கூடுதல் எடையை அவன் தோள்தான் சுமக்க வேண்டும். கீபோர்டு ஒன்று மாற்ற வேண்டுமென்றாலும் ஊர்க்கடையில் உதிரிபாகம் கிடைக்காது. டஃப்புக் 40-க்கு அமெரிக்காவிலேயே நாலாயிரம் டாலருக்கு மேல் விலை. அந்தக் காசுக்கு அதைவிட வேகமான சாதாரண லேப்டாப் இரண்டு வாங்கலாம்.

அவன் கேட்ட பத்து வருடக் கணக்குக்கு வருகிறேன். உடம்பு பத்து வருடம் தாங்கும், சந்தேகமே இல்லை. ஆனால் லேப்டாப்பின் ஆயுளை உடம்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அதற்கு முந்தைய டஃப்புக்குகள் கல்லுபோல உறுதியாக இருந்தும் அந்த வரம்புக்கு வெளியே நின்றுவிட்டன.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். உலோக உடலும், தண்ணீர் சிந்தினால் தாங்கும் கீபோர்டும் உள்ள ஒரு பிசினஸ் ரக லேப்டாப்பை எடு. வாங்கும்போதே தவறி விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் பழுது பார்த்துத் தரும் கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்து எடு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பல நேரம் தர மாட்டார்கள். திருட்டு பெரும்பாலும் அதில் வராது என்பதையும் தெரிந்துகொள். மிச்சப் பணத்தில் ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கி வாராவாரம் பேக்கப் எடு, முக்கியமான கோப்புகளை கூகுள் டிரைவிலும் வை. ரயிலில் பையையே யாராவது தூக்கிக்கொண்டு போனால் டஃப்புக்கும் போகும், மற்றதும் போகும். பேக்கப் இருந்தால் வேலையாவது மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரக்கட்தான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பழசு தேடுவார்கள். தப்பில்லை. ஆனால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், எந்தத் தலைமுறை பிராசசர் என்பதை முதலில் கேளுங்கள். அந்த மாடலுக்குப் புது பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். போர்ட் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அதைச் சாதாரணப் பழைய லேப்டாப்பாகவே கணக்கிட்டு விலை பேசுங்கள்.