அஞ்சு எப்பவோ ஆச்சுங்க மாப்ளை

மாப்பிள்ளை: அத்தை, எத்தனை ஆச்சு?

அத்தை: இருபத்தி மூணுங்க மாப்ளை.

மாப்பிள்ளை: இருபத்தி மூணா! என் கண்ணுக்கு ஒண்ணுகூடத் தெரியலையே. சிங்கமா, யானையா?

அத்தை: வண்டிங்க.

மாப்பிள்ளை: வண்டியா?

அத்தை: நீங்கதானுங்க நோட்டும் பென்சிலும் குடுத்து, அஞ்சு வந்துருச்சான்னு பாத்துக்கிட்டே இருங்கன்னு சொன்னீங்க. டிரைவர் தம்பியும் கேட்டுகிட்டயே அஞ்சு வெரலைக் காட்டி, வண்டியத் தட்டிக் காமிச்சுது. ஒரு எடத்துல அஞ்சு வண்டிக்கு மேல நிக்கப்படாதுன்னு நீங்களே அர்த்தம் சொன்னீங்க. அஞ்சு எப்பவோ ஆச்சுங்க. பின்னால இன்னும் புழுதி பறக்குது.

மாப்பிள்ளை: ஐயோ அத்தை, நான் சொன்னது வேற அஞ்சு. பிக் ஃபைவ். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். இந்த மசாய் மாரா சரணாலயத்துக்கு வந்துட்டு இந்த அஞ்சையும் பாக்காமப் போனா, வந்ததே வேஸ்ட்.

அத்தை: ஏனுங்க, ஒட்டகச்சிவிங்கி என்ன பாவம் பண்ணுச்சு? அத்தாம் பெருசா வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சே.

மாப்பிள்ளை: அது லிஸ்டுல இல்ல. இது வேட்டைக்காரங்க போட்ட லிஸ்ட் அத்தை. நடந்து போய்ச் சுடறதுக்கு ரொம்பக் கஷ்டமான, ஆபத்தான அஞ்சு.

அத்தை: இப்பவும் சுடறாங்களா?

மாப்பிள்ளை: சேச்சே. கென்யாவுல 1977-லயே வேட்டைக்குத் தடை போட்டாச்சு.

அத்தை: துப்பாக்கிய வாங்கி வெச்சுக்கிட்டு லிஸ்டை மட்டும் ஆளுக்கொண்ணு குடுத்து அனுப்பிப்போட்டாங்களாட்ட.

(மாப்பிள்ளைக்கு இது கேட்கவில்லை. வேனின் கூரையைத் தூக்கி விட்டு, சீட்டின் மேல் ஷூவோடு ஏறி நின்று, இடுப்புக்கு மேலே மாராவிலும் இடுப்புக்குக் கீழே வேனிலும் இருக்கிறார். அத்தை உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தெரியும் வனவிலங்கு, அவருடைய முழங்கால். சஃபாரி போன எல்லா வேனிலும் இந்த முழங்காலை நான் பார்த்திருக்கிறேன்.)

மாப்பிள்ளை: அத்தை, அத்தை, எந்திரிங்க! புத்து மேல பாருங்க, சீட்டா! சிவிங்கிப்புலி!

அத்தை: அதைத்தானுங்க அரை மணி நேரமா பாத்துட்டு இருக்கறேன்.

மாப்பிள்ளை: அரை மணி நேரமாவா! ஏன் சொல்லல?

அத்தை: லிஸ்டுல இல்லீங்களே.

மாப்பிள்ளை: ...

அத்தை: கண்ணுல இருந்து வாய் வரைக்கும் ரெண்டு கோடு எறங்குதுங்க, அழுது மை கரைஞ்சாப்ல. கறையான் புத்து மேல ஏறி நின்னு அக்கட்டால இருக்கற மானைப் பாத்துட்டு இருந்துது. அந்தச் சின்ன மானு, வாலை ஒரு நிமிசம் சும்மா வெக்காம ஆட்டிக்கிட்டே இருக்குது பாருங்க, அதை. பொட்டாட்டப் படுத்து, பொட்டாட்ட எறங்கி, ரெண்டடி வெச்சுது. அப்பத்தான் ஏழாவது வண்டி வந்துச்சுங்க.

மாப்பிள்ளை: மான் ஓடிருச்சா?

அத்தை: ஓடலீங்க. நிமிந்து வண்டியப் பாத்துது, திரும்பிப் புலியப் பாத்துது, அந்தாண்ட தள்ளிப் போய் மேயுது. நாம அந்த மானுக்குக் காவலுக்கு வந்திருக்கறோம்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு.

மாப்பிள்ளை: கொஞ்சம் இருங்க அத்தை, வீடியோ ஓடுது. உங்க குரல் விழுது.

அத்தை: சரிங்க.

மாப்பிள்ளை: ...

அத்தை: இருபத்தி ஆறுங்க.

மாப்பிள்ளை: அத்தை!

அத்தை: மெதுவாத்தானுங்க சொன்னேன்.

மாப்பிள்ளை: இவ்வளவு கூட்டம் எங்கிருந்துதான் வருதோ. நாம வந்தப்ப ஒரு ஈ காக்கா இல்ல.

அத்தை: நம்ம டிரைவர் தம்பி அந்த ரேடியோப் பொட்டியில என்னமோ சொல்லுச்சே. “டூமா, டூமா”ன்னு.

மாப்பிள்ளை: சுவாகிலில டூமான்னா சீட்டா. அவங்களுக்குள்ள சொல்லிக்குவாங்க. இவர் இன்னிக்குச் சொன்னாத்தான் நாளைக்கு அவங்க இவருக்குச் சொல்லுவாங்க.

அத்தை: அப்ப தண்டோராப் போட்டு ஊரைக் கூட்டினது நாமதான்னு சொல்லுங்க.

(மாராவில் விதி இருக்கிறது. ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் 5 வண்டிதான். மற்றவர்கள் காத்திருந்தால் 10 நிமிடத்தில் நகர வேண்டும். விலங்கிடமிருந்து 25 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். தடத்தை விட்டு இறங்கக் கூடாது. விதியை எழுதிய பலகையைப் பின்னணியில் வைத்து செல்ஃபி எடுத்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள்.)

மாப்பிள்ளை: டிரைவர் கிட்ட போகவே மாட்டேங்கறாரு அத்தை. புல்லு மேல எறங்குனா அபராதம்னு சொல்றாரு. டிப்ஸ் சேத்துத் தரேன்னேன், அப்பவும் சிரிக்கறாரே தவிர வண்டிய எடுக்கல.

அத்தை: தங்கமான தம்பி. அதுக்குக் கட்டுச்சோறு ரெண்டு கரண்டி சேத்துப் போடோணும்.

மாப்பிள்ளை: நான் சொல்றது என்ன, நீங்க சொல்றது என்ன! உங்க டிக்கெட் எவ்வளவு தெரியுமா? 200 டாலர். நம்ம காசுல 17,000 ரூபாய்க்கு மேல. காலைல 6 மணிக்கு உள்ள வந்தா சாயங்காலம் 6 மணிக்கு வெளிய. மணிக்கு 1,400 ரூபாய் ஓடிட்டிருக்கு.

அத்தை: உங்களுக்கும் 200-ங்களா?

மாப்பிள்ளை: எனக்குக் கம்மி. நான் நைரோபிலயே இருக்கறவன்.

அத்தை: அதுதான் சாவகாசமா போனப் பாக்கறீங்க. நான் மணிக்கு 1,400 குடுத்தவ, புலியப் பாத்துக்கறேன்.

மாப்பிள்ளை: புலியவா பாத்தீங்க? வரும்போது கேட்டுக்கு வெளிய மாட்டுக் கூட்டத்த நின்னு இருபது நிமிசம் பாத்தீங்க. எங்க, அந்த நோட்டைக் குடுங்க. “மாடு 42.” பாத்தீங்களா? மாடு! இதுக்கு ஊர்லயே இருந்திருக்கலாமே.

அத்தை: மாடுன்னா எல்லாம் ஒண்ணுங்களா? எல்லாத்துக்கும் திமில் இருக்குதுங்க, நம்ம பக்கத்து மாடாட்டவே. சேப்புப் போர்வை போத்திக்கிட்டு அந்த மசாய்ப் பையன், கையில கம்பு இருந்துது, ஒண்ணையும் தொடல. சீட்டி அடிச்சான், 42-ம் திரும்புச்சு. நம்ம வேனு ஆரன் அடிச்சுது, ஒண்ணும் திரும்பல.

மாப்பிள்ளை: அப்புறம், “ஒடக்கான் 1”. ஓணானுமா?

அத்தை: அது பாறை மேல படுத்து வெயில் காஞ்சுக்கிட்டு இருந்துது. தலையும் தோளும் சின்ன வெங்காயத் தோல் நெறம், ஒடம்பு ஊதா நீலம். நம்மூட்டு வேலியில இருக்கறது இத்தன வருசமா ஒரே மண்ணு கலர்லயே காலத்த ஓட்டிட்டு இருக்குது, பாவம்.

மாப்பிள்ளை: “தாடி வெச்ச மாடு, எண்ண முடியல.” அது வில்டபீஸ்ட் அத்தை.

அத்தை: கொம்பு மாட்டோடது, தாடி ஆட்டோடது, வாலு குதிரையோடது. சந்தையில எவன் தலையிலயோ கட்டிவிட்ட உருப்படியாட்ட இருக்குது. ஆனா நடைய பாருங்க, ஒண்ணு பின்னால ஒண்ணு, இட்டேறியில போறாப்ல வரிசை. மொத்தம் லட்சக்கணக்குல இருக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க, தான்சானியாவுல இருந்து புல்லும் தண்ணியும் தேடி வருதுன்னு. அத்தன லட்சம் உருப்படி வரிசையில வருது. நம்ம 26 வண்டியால முடியல.

மாப்பிள்ளை: இருபத்தி ஆறா, இப்பவும்?

அத்தை: முப்பத்தி ஒண்ணுங்க. நீங்க நோட்டைப் புடுங்கிட்டீங்க, மனசுல வெச்சிருக்கறேன்.

(இந்த இடத்தில் “கீச், கீச்” என்று ஒரு சத்தம்.)

அத்தை: மாப்ளை, கேட்டுச்சுங்களா?

மாப்பிள்ளை: குருவி, அத்தை.

அத்தை: குருவி இல்லீங்க. புல்லுக்குள்ள பாருங்க, புத்துக்கு இடது பக்கம். மூணு. முதுகுல வெளுத்த மசுரு, எலவம் பஞ்சை ஒட்ட வெச்சாப்ல.

மாப்பிள்ளை: அடடா, குட்டி! சீட்டாக் குட்டி அத்தை! டிரைவரும் ஆமாங்கறாரு, குருவி மாதிரித்தான் கத்துமாம். இருங்க, ஜூம் பண்றேன். ஐயோ, அந்த வெள்ளை வேன் குறுக்க வருது. யோவ்! தள்ளுய்யா!

அத்தை: ஆத்தாக்காரி புத்து மேல, புள்ளைங்க புல்லுல, நடுவுல வண்டி. அதுங்க கூப்புடுதுங்க, அவ எறங்க வழி பாக்கறா.

மாப்பிள்ளை: இதைப் போஸ்ட் பண்ணினா பிச்சுக்கும். கீழ ரெண்டு வரி தகவல் போடணும். தேடறேன், இருங்க... மணிக்கு நூறு கிலோமீட்டர், அது எல்லாருக்கும் தெரியும்... ம், இது புதுசு. 2018-ல இதே மாராவுல ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. டூரிஸ்ட் வண்டி கம்மியா வர்ற எடத்துல ஒரு ஈத்துக்குச் சராசரியா ரெண்டு குட்டிக்கு மேல தேறுதாம். ஜாஸ்தி வர்ற எடத்துல 0.2.

அத்தை: 0.2-ன்னா என்னங்க? குட்டிக்கு வாலு மட்டும் தேறுமா?

மாப்பிள்ளை: இல்ல அத்தை, சராசரிக் கணக்கு. அஞ்சு ஈத்துக்குச் சேத்து ஒரு குட்டி.

அத்தை: அஞ்சா.

மாப்பிள்ளை: ஆமா.

அத்தை: அப்ப காலைல இருந்து நீங்க சொல்லிட்டு இருந்த அஞ்சு இதுதானுங்களா?

மாப்பிள்ளை: ...

அத்தை: எங்கூட்டுல மாடு கன்னு போட்டா, கட்டுத்தரையச் சுத்திச் சாக்குப் படுதா கட்டிருவமுங்க. பால்காரனையே அந்தப் பக்கம் விடமாட்டோம். ஒரம்பரை வந்தாக்கூட, சீம்பாலு ஊட்டுக்கு அனுப்பறோம், போயிட்டு வாங்கன்னு தாட்டி விட்டுருவோம்.

மாப்பிள்ளை: நாம ஒருத்தர் போனா மட்டும் என்ன அத்தை ஆகிடப் போகுது? மத்த முப்பது வண்டியும் நிக்கத்தானே போகுது.

அத்தை: முப்பத்தி நாலுங்க.

மாப்பிள்ளை: சரி, முப்பத்தி நாலு.

அத்தை: நாம போனா முப்பத்தி மூணு.

(மாப்பிள்ளை கீழே உட்கார்ந்தார். நல்ல எண்ணம் வந்துவிட்டது என்று டிரைவர்கூட நினைத்து சாவியைத் தொட்டார். போனில் சார்ஜ் இரண்டு சதவீதம், அவ்வளவுதான். ஆனாலும் வண்டி கிளம்பியது. மதியம் ஒரு வேலமரத்தடியில் தூக்குப்போசி திறக்கப்பட்டது. புளிச்சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டத்தான் அத்தை நினைத்திருந்தார். கென்யாவில் 2017 முதல் அந்தப் பைக்கே தடை என்று மகள் பிடுங்கி வைத்துவிட்டாள். டிரைவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகு மாப்பிள்ளை தமிழில் சொன்னதற்கும் ஆங்கிலத்தில் சொன்னதற்கும் அவர் அத்தையின் முகத்தைப் பார்த்துத்தான் வண்டியை எடுத்தார். சிங்கம் கிடைத்தது, தூங்கிக்கொண்டிருந்தது, 19 வண்டி. யானை கிடைத்தது, 4 வண்டி. காட்டெருமை, வண்டியே இல்லை. எதிர்பார்க்காத நேரத்தில் மரக்கிளையில் சிறுத்தையின் வால் ஒன்று கிடைத்தது, மிச்சம் இலைக்குள். அதற்கு 30.)

மாப்பிள்ளை: வாலை எண்ணலாமா அத்தை? சிறுத்தைன்னு டிக் போட்டுக்கட்டா?

அத்தை: 0.2-ன்னு போட்டுக்குங்க.

மாப்பிள்ளை: மணி அஞ்சே முக்கால். கேட்டு மூடிடும். காண்டாமிருகம் ஒண்ணு மட்டும் பாக்கி. புதருக்குள்ளயேதான் கெடக்கும், கண்ணுல பட்டாலே அதிர்ஷ்டம்கறாங்க.

அத்தை: வெவரமான சீவன். பேரைக் காப்பாத்திக்கிச்சு.

மாப்பிள்ளை: நாலே நாலோட திரும்பிப் போனா ஆபீஸ்ல ஒருத்தன் மதிக்க மாட்டான். அத்தை, நான் ஒண்ணு கேட்டா மறுக்கக் கூடாது. நாளைக்கு இன்னொரு தடவை வரலாமா? இன்னொரு 200 டாலர், பரவால்ல, நான் கட்டறேன்.

அத்தை: எனக்குச் சம்மதந்தானுங்க மாப்ளை.

மாப்பிள்ளை: நெஜமாவா? உங்களுக்கும் காண்டாமிருகம் பாக்கணும்னு ஆசை வந்துருச்சில்ல?

அத்தை: 87 ஆச்சுங்க. நூறுக்கு இன்னும் 13 வண்டிதான்.