குமார் ராக்கருக்கு இன்னும் நூறு இன்னிங்ஸ் தேவை

2024 ஆகஸ்டில், வெயில் இறங்கியும் வெக்கை தணியாத ஒரு மாலையில், டெக்சஸின் பிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ் பேஸ்பால் மைதானத்தில் மனைவி, மகனுடன் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் ‘குமார்’ என்ற பெயர் வந்ததும், அதுவரை நாச்சோஸ் தட்டிலேயே கவனமாக இருந்த எங்கள் வரிசைத் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. பந்தெறியும் வீரரான (பிட்சர்) குமார் ராக்கரின் தாயார் இந்திய வம்சாவளியினர்; தந்தை டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தில் பேர்பெற்றவர். பெயரைக் கேட்டு நிமிர்ந்த எனக்கு அன்று நினைவில் தங்கியது ஸ்லைடர் எனப்படும் அவருடைய வளையும் பந்து. வலக்கை மட்டையாளரின் இடுப்புக்கு நேராகக் கிளம்பிய பந்து, ஹோம் பிளேட்டை நெருங்கும் வேளையில் கீழே சரிந்து வெளிப்பக்கமாக விலகிப் போக, அந்த மட்டையாளர் மட்டையை வீசிய வேகத்தில் ஒரு முழங்கால் மண்ணில் படத் தடுமாறினார். “பந்து எங்கப்பா போச்சு?” என்று மகன் கேட்டான்.

அந்த ஒரு பந்தை வைத்துக்கொண்டே, பெரிய லீக்குக்கு வீரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக்கை ராக்கர் கடந்துவிட்டார் என்பதுதான் என் மனக்குறை. 2025 பருவத்தில் அவர் பட்ட பாட்டைப் பார்த்து, ‘இவர் அவ்வளவுதான்’ என்று முடிவு கட்டுவோர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

அவர் வந்த பாதை நேரானதல்ல. 2019இல், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவராக, டியூக் அணிக்கு எதிரே ஒரு ஹிட்கூட விட்டுக்கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். பெரிய லீக் அணிகள் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021இல் நியூயார்க் மெட்ஸ் அவரைப் 10ஆவதாகத் தேர்ந்தெடுத்து, 60 லட்சம் டாலருக்குப் பேசி முடித்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே வேண்டாம் என்று பின்வாங்கியது. தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, எந்தப் பெரிய அணியையும் சாராத ஃபிரான்டியர் லீக்கில் டிரை-சிட்டி அணிக்காக 20 இன்னிங்ஸ் எறிந்தார் (பேஸ்பாலில் மூன்று மட்டையாளர்கள் அவுட் ஆகும்வரைதான் ஓர் இன்னிங்ஸ்). அந்த 20 இன்னிங்ஸைப் பார்த்தே டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 2022இல் அவரை 3ஆவதாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. எல்லோரும் புருவத்தை உயர்த்தினார்கள், நானும்தான்.

2023இல் ரேஞ்சர்ஸின் மைனர் லீக் அணியான ஹிக்கரியில் 28 இன்னிங்ஸ் எறிந்த நிலையில் முழங்கையின் தசைநார் கிழிந்தது. அதைச் சரிசெய்யும் அறுவையை டாமி ஜான் சிகிச்சை என்று இங்கே சொல்வார்கள். 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த இந்த அறுவையில், கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த தசைநாண் ஒன்றைப் பொருத்துகிறார்கள். மீண்டும் எறிவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும். ராக்கர் 2024 ஜூலையில் திரும்பி, டபுள்-ஏ நிலையிலுள்ள பிரிஸ்கோவிலும் பிறகு மைனர் லீக்கின் மேல்படியான ட்ரிபிள்-ஏ நிலையிலுள்ள ரவுண்ட் ராக்கிலும் வந்தவரையெல்லாம் வீழ்த்தினார். அந்த ஆண்டு மைனர் லீக்கில் அவர் எறிந்தது மொத்தம் 37 இன்னிங்ஸுக்கும் சற்றுக் குறைவு. செப்டம்பர் 12 அன்று சியாட்டிலில் ரேஞ்சர்ஸ் அணிக்காக முதல்முறை களமிறங்கி, 4 இன்னிங்ஸில் 7 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார்.

எங்கள் வாட்ஸாப் குழுவில் அன்று பட்டாசு வெடிக்காத குறைதான். ஆனால் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: பெரிய லீக்குக்கு வருவதற்கு முன் ரேஞ்சர்ஸ் அமைப்பின் மைனர் லீக் அணிகளில் அவர் எறிந்தது 65 இன்னிங்ஸ்கூட இல்லை.

இதன் பக்கத்தில் ஜாக் லைட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அதே வாண்டர்பில்ட்டில் ராக்கரோடு எறிந்தவர். 2021இல் ரேஞ்சர்ஸ் அவரை 2ஆவதாக எடுத்தது. 2022இல் இதே பிரிஸ்கோவில் 92 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.54 ஓட்டங்களைக் கொடுத்தார். மறு ஆண்டும் சராசரி ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. நடுவில் ஆட்டத்திலிருந்தே சில வாரங்கள் விலக்கி வைத்து, அவர் எறியும் முறையைச் செப்பனிட்டார்கள். 2024இல் பெரிய லீக்கில் எறிந்தபோதும் அடி வாங்கினார். 2025இலோ 3.86 என்ற சராசரியோடு அணியின் நம்பகமான பிட்சர்களில் ஒருவராகிவிட்டார். மைனர் லீக்கில் அவர் தோற்றதை யாரும் வெற்றி தோல்விப் பட்டியலில் வைத்து அழவில்லை. ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தை நாம் பார்ப்பதுபோல இதைப் பார்க்கக் கூடாது. அங்கே மாநிலத்தின் மானம் இருக்கிறது, இங்கே டபுள்-ஏ அணி ஜெயித்தாலும் தோற்றாலும் மேலிடத்துக்கு அது இரண்டாம் பட்சம்தான். அடி வாங்கிக்கொண்டே புதுப் பந்து ஒன்றைப் பழகுவதற்கு அதைவிட மலிவான இடம் கிடைக்காது.

ராக்கருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. வலக்கை மட்டையாளரிடமிருந்து விலகி ஓடும் அதே ஸ்லைடர், இடக்கை மட்டையாளருக்கு அவரது மட்டையை நோக்கியே உள்ளே வருகிறது. மணிக்கு 95 மைலைத் தாண்டும் அவரது ஃபாஸ்ட்பாலோ பெரிய வளைவு நெளிவு இல்லாமல் வருவதால், பெரிய லீக்கில் வேகத்தைக் கண்டு யாரும் மிரளுவதில்லை. அங்கே இடக்கை மட்டையாளரைச் சமாளிக்க வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப் போன்ற மூன்றாவது பந்து வேண்டும். அந்தப் பந்தைக் கையில் கொண்டுவர, அது சரியாக விழாத நாட்களிலும் விடாமல் எறிந்துகொண்டே இருக்க வேண்டும். டபுள்-ஏவில் ஸ்லைடரை மட்டும் எறிந்தே எல்லோரையும் வீழ்த்த முடிந்தவருக்கு அதைப் பழகும் நெருக்கடி வரவில்லை. நெருக்கடி வந்தபோது அவர் நாற்பதாயிரம் பேர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். 2025இல் தோள்வலியால் சில வாரங்கள் போயின. திரும்பி வந்தும் சராசரி ஐந்தரையைத் தாண்டியது. ஆகஸ்டில் மீண்டும் ரவுண்ட் ராக்குக்கு அனுப்பப்பட்டார்.

இப்போது பலர் சொல்லும் யோசனை, அவரை ரிலீவராக, அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து சிறிது நேரம் எறிபவராக, மாற்றிவிடலாம் என்பது. கடைசி ஓர் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கினால் இரண்டு பந்துகளே போதும், தோளுக்கும் கைக்கும் சுமை குறையும் என்கிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு அறுவைச் சிகிச்சை கண்ட கை அது. அவருக்கும் 26 வயதாகிவிட்டது. ஒருவேளை முடிவில் அங்கேதான் போய் நிற்பாரோ என்னவோ. ஆனால் அந்தக் கதவு 28 வயதிலும் திறந்தே இருக்கும். ஆட்டத்தைத் தொடங்கி நெடுநேரம் எறியும் ஸ்டார்ட்டராக வளரும் காலமோ தள்ளிப்போட்டால் திரும்பி வராது. ரிலீவராக மாறியவரைப் பிறகு யாரும் நூறு பந்து எறியவிட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே, ஒரு முழுப் பருவத்துக்கு, நூறு இன்னிங்ஸ் சேரும்வரை, முன்னும் பின்னும் இழுக்காமல், ட்ரிபிள்-ஏவில் ஆறு நாளைக்கு ஒருமுறை அவரை எறிய விடவேண்டும் என்பதே என் கருத்து. பெரிய அணியில் யாருக்காவது காயம் என்றதும் அவசரத்துக்கு அழைத்து, இரண்டு ஆட்டம் அடி வாங்கியதும் திருப்பி அனுப்பும் பழக்கம் வேண்டாம். சராசரி ஆறானாலும் போகட்டும்.

ரவுண்ட் ராக் எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அவர் மறுபடி அங்கே எறியும் நாளில் மகனோடு போவதாக இருக்கிறேன். ஸ்ட்ரைக்அவுட்டை அவன் எண்ணிக்கொள்ளட்டும். இடக்கை மட்டையாளர் எதிரே நிற்க, பந்தும் இரண்டு தவறிவிட்ட நேரத்தில், ராக்கர் ஸ்லைடரைத் தேடிப் போகிறாரா, துணிந்து சேஞ்ச்அப்பை எறிகிறாரா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.