ஆயா கேட்டது உங்களுக்குச் சிரிப்பா?

சனிக்கிழமை மண்டபத்துல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வீடியோ இந்நேரம் நம்ம டர்பன் சாட்ஸ்வர்த்தைத் தாண்டி பீனிக்ஸ், டோங்காட் வரைக்கும் போயாச்சு. எனக்கே மூணு குரூப்புல வந்துச்சு. மூணுலயும் கண்ணீர் வழியச் சிரிக்கிற பொம்மையோட.

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்: "முட்டி வலிக்கு அந்த டாகா எண்ணெய் எடுத்துக்கலாமா, டாக்டர்?" (டாகான்னா இங்க கஞ்சா.) மைக் பிடிச்சிருந்தவர் ஒரு நொடி யோசிச்சுட்டு, "என்ன ஆயா, வீட்டுல பார்ட்டியா?"ன்னார். மண்டபமே குலுங்குச்சு. புரட்டாசிச் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கிட்டிருந்த பசங்ககூட சாம்பார் வாளியைக் கீழே வெச்சுட்டுச் சிரிச்சாங்க. அந்த அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. சாப்பிடாமலே கிளம்பிட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன்.

கூட்டத்துக்குத் தலைப்பு முதியோர் நலம். நல்லாவே பேணினீங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. சிரிச்சா மறைப்பாங்க. மறைச்சாத்தான் ஆபத்து.

என் அத்தை கதையைச் சொல்றேன். (அவங்களைக் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "பேரு மட்டும் போடாதேம்மா"ன்னாங்க.) 1999-ல பாளையங்கோட்டையில இருந்து இங்க வாழ்க்கைப்பட்டு வந்தவ நான். அப்பவே அத்தைக்கு இதயத்துல செயற்கை வால்வு. அதுக்கு ரத்தம் கட்டாம இருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பார்க்க மாசா மாசம் ஐ.என்.ஆர். பரிசோதனை. இருபது வருஷச் சர்க்கரை வேற. ராத்திரியானா பாதத்துல மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுன்னு சுவரோட சுவரா காலை ஒட்டி வெச்சுக்கிட்டுப் படுத்திருப்பாங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் அவங்க கையைப் பார்த்தேன். முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் நாவப்பழம் நசுங்கின மாதிரி. "டாக்ஸிக் கதவுல இடிச்சுக்கிட்டேன்"னாங்க. மறுவாரம் ஈறுல ரத்தம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, மூணு கிட்ட இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். ஆறைத் தாண்டி நிக்குது. நர்ஸம்மா, "கோகோ (ஜூலுவுல பாட்டி), வேற மருந்து ஏதாவது எடுக்குறீங்களா? நாட்டு மருந்து? கடையில வாங்கினது?"ன்னு மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் இல்லை, இல்லை, இல்லை.

அவங்களைப் படுக்க வெச்சுட்டு வீட்டுக்கு வந்து, விளக்கேத்தலாம்னு பூஜை அலமாரியைத் திறந்தேன். விபூதி டப்பாவுக்குப் பின்னாடி இருந்து சின்ன பழுப்பு நிற பாட்டில் ஒண்ணு உருண்டு விழுந்துச்சு. சிபிடி எண்ணெய், கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிறது, ஆனா போதை வராது. மால்ல வாங்கினது, அரசாங்கம் கொடுக்கிற சாசா உதவிப் பணத்துல. லேபிள்ல இருந்த எழுத்து என் கண்ணுக்கே தெரியலை. கேட்டராக்ட் ஆன கண்ணுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு சொட்டுல ஆரம்பிச்சு, எரிச்சல் அடங்கலைன்னு பத்து சொட்டு வரைக்கும் போயிருக்காங்க. கல்லீரல் வார்ஃபரினை உடைக்கிற வேலையை சிபிடி தடுக்கும். உடையாத மருந்து உடம்புலயே தேங்கும், ரத்தம் உறையாது. இது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அத்தைக்கு யார் சொல்லியிருப்பா?

"ஏன் அத்தை சொல்லலை?"ன்னேன். "சொன்னா சிரிப்பாங்கம்மா. ஆஸ்பத்திரி கார்டுல டாகாக்காரின்னு எழுதி வெச்சுடுவாங்க."

சனிக்கிழமைக்கு முன்னாடி வரைக்கும் அது அத்தையோட வீண் பயம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இப்ப வருவீங்க, தெரியும். "நீ என்ன டாக்டரா?" இல்லைங்க, ஸ்கூல் ஆபீஸ்ல ரசீது எழுதுறவ. மைக் பிடிச்சவர் டாக்டர்தானே, என்ன பிரயோஜனம்?

"அப்ப எல்லாக் கிழவிக்கும் கஞ்சா கொடுக்கச் சொல்றியா?" நான் அப்படி எங்கேயும் சொல்லலையே. இன்னும் சொல்லப்போனா, வலிக்கு கஞ்சாவை ஆதரிக்கிற அளவுக்கு ஆதாரம் போதலைன்னு சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021-லயே சொல்லியிருக்கு. கீமோ வாந்தி, சில வகை வலிப்பு, நரம்பு நோயில வர்ற தசை இறுக்கம், இதுக்கெல்லாம் ஓரளவு ஆதாரம் இருக்கு. முட்டி வலிக்கு அவ்வளவு இல்லை. அந்த எண்ணெய் போதை தர்ற டிஎச்சி சேர்ந்ததா இருந்தா வயசானவங்களுக்கு எழுந்து நின்னதும் பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம், குழப்பம் வரலாம், விழுந்து இடுப்பு எலும்பு முறியலாம். இதைத்தான் அந்த அம்மாகிட்ட சொல்லியிருக்கணும். சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? "வேண்டாம் ஆயா, இதனாலதான்"னு சொல்லியிருந்தா நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

"சட்டப்படி தப்பு"ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்கார். 2018 செப்டம்பர்ல நம்ம தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, அதுக்கப்புறம் 2024 மே 28, தேர்தலுக்கு முந்தின நாள், ஜனாதிபதி ராமபோசா கஞ்சாச் சட்டத்துல கையெழுத்துப் போட்டது எதையும் அவர் கேள்விப்படலை போல. வயசுக்கு வந்தவங்க தனிமையில பயன்படுத்தலாம், வளர்க்கலாம்; விக்கக் கூடாது. மருந்தா வேணும்னா டாக்டர் மூலமா மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராகிட்ட அனுமதி வாங்கணும். நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல போகாத சிபிடி மட்டும் சீட்டு இல்லாமலே கடையில கிடைக்குது. டாக்டர்கிட்ட கேட்டா அவமானம், கடையில கேட்டா ஒண்ணும் இல்லை. அப்ப ஆயா எங்க போவாங்க?

"பிள்ளைங்க கெட்டுப்போவாங்க." இதுக்கு மட்டும் என்னால எதிர்த்துப் பேச முடியாது. சுகர்ஸ்ங்கிற போதைப்பொடி இந்த ஊரை என்ன பண்ணுச்சுன்னு பார்த்தவ நான். எங்க தெருவுலயே ஒரு வீட்டுல கதவு, ஜன்னல் கம்பி, தண்ணிக் குழாய் எல்லாத்தையும் மகனே கழட்டி வித்துட்டான். அந்தத் தாய் பயப்பட்டா அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனா சனிக்கிழமை சிரிச்சவங்க யாரும் பயந்து சிரிக்கலையே.

"நம்ம கலாச்சாரம்"னு எழுதினவருக்கு மட்டும் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டுல கார் டிக்கியைத் திறந்து வெச்சு கேன் சாராயம் ஊத்துறப்ப கலாச்சாரம் எங்க போச்சு அண்ணா? 1860-ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க கஞ்சா தெரியாதவங்களா? 1870-லயே இங்க இருந்த நேட்டால் அரசாங்கம் இந்தியர்கள் அதைத் தொடக் கூடாதுன்னு தனியா சட்டம் போட்டுச்சு, தோட்ட வேலை கெடுதுன்னு. நம்ம உடம்பு வலிக்குதான்னு அன்னைக்கும் யாரும் கேட்கலை. (உலகம் பூரா ஒரு கஞ்சா ரகத்துக்கு டர்பன் பாய்சன்னு பேரு. நம்ம ஊருக்குக் கிடைச்ச பெருமை!)

கோபத்துல எங்கெங்கயோ போயிட்டேன். ஆனா எனக்கு உண்மையிலேயே வலிச்சது டாக்டர் பேசினது இல்லை. நானும் அங்கதான் இருந்தேன், மூணாவது வரிசையில. எல்லாரும் சிரிச்சப்ப என் உதடும் தானா விரிஞ்சுச்சு. பக்கத்துல அத்தை. அவங்க என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

அந்த வீடியோவை எடுத்தவங்க தயவுசெஞ்சு அழிச்சுடுங்க. அந்த அம்மாவைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க. அவங்க வேற என்னென்ன மாத்திரை போடுறாங்கன்னு மட்டும் தெரியணும். அதை மட்டும் அன்னைக்கு யாருமே கேட்கலை.