எழுத்தோட்டத்தில் பெயர் வராத நெறியாளர்கள்
படத்தின் எழுத்தோட்டத்தில் யார் பெயர் வருகிறதோ அவரே இயக்குநர், அதற்கு மேல் ஆராயத் தேவையில்லை என்று, இயக்குநர்களின் படப்பட்டியல் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை ஏற்க முடியவில்லை. 1948இல் வந்த ‘சந்திரலேகா’வில் இயக்கம் எஸ்.எஸ்.வாசன் என்றுதான் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் எடுத்தவர் டி.ஜி.ராகவாச்சாரி, கருத்து வேறுபாட்டில் அவர் விலகிய பிறகே வாசன் கையில் எடுத்தார். அதற்காக, அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருப்பதுபோல வாசன் பெயரையே வெட்டிவிடுவதும் சரியில்லை. முடித்துக் கொடுப்பதும் நெறியாள்கைதான். 1950இல் ‘மந்திரி குமாரி’யை எல்லிஸ் ஆர்.டங்கன் பாதியில் விட்டு அமெரிக்காவுக்குப் போக, மிச்சத்தை டி.ஆர்.சுந்தரம் முடித்தார். அங்கே இருவர் பெயரையும் போட்டார்கள். அந்த நேர்மை ஏன் எல்லாருக்கும் வரவில்லை? மட்டக்களப்பில் எங்கள் ஊர்க் கூத்து ஒன்றில், ஆடுபவர்களுக்குச் சதங்கை அணிவிக்கும் சடங்கு முடிந்த பிறகு, கூத்தைப் பழக்கி வந்த ஆசானான அண்ணாவியார் நோயில் விழுந்தார். அரங்கேற்றம் வரை கொண்டுவந்தது பக்கத்து ஊர் அண்ணாவியார். வந்தவர் ஆட்டத்தில் கொஞ்சம் மாற்றினார், பாட்டு மெட்டில் கை வைக்கவில்லை. களரியில், அதாவது கூத்து ஆடும் அரங்கில், மத்தளம் அடித்தது அவர்தான், ஆனாலும் நோட்டீஸில் முதலில் இருந்தது பழையவர் பெயர். வாசன் பட்டியலில் ‘சந்திரலேகா’ இருக்கட்டும். ராகவாச்சாரி பட்டியலிலும் ‘பெரும்பகுதி, பெயர் இடப்படவில்லை’ என்ற குறிப்போடு அதைச் சேருங்கள்.