பிஎச்டி சேர்ந்த முதல் மாதமே ஒரு குழு அமையட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கம் ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் சிறு ஆய்வு மாணவர் குழுவைப் பற்றியது இது.

தென்னாப்பிரிக்காவில் பிஎச்டி பெரும்பாலும் முழுக்க ஆய்வேடுதான். பட்டத்துக்கான 360 கிரெடிட்டும் (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளிகள்) அந்த ஒன்றுக்கே. தமிழ்நாட்டில் கோர்ஸ்வொர்க் என்னும் வகுப்புப் பாடங்களின் சாக்கிலாவது நாலு பேர் பழக்கமாவார்கள். இங்கே பதிவு முடிந்தால் நீங்களும் உங்கள் நெறியாளரும் மட்டும். பல்கலைக்கழகங்களுக்கு அரசு தரும் மானியக் கணக்கில், முடித்த ஒரு முனைவர் பட்டத்துக்கு 3 அலகு, ஆய்வு முதுகலைக்கு 1 அலகு என்பதால் மாணவர்களைச் சேர்க்கத் துறைகளுக்கு ஆர்வம் உண்டு. அப்படிச் சேர்ந்தவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்க மட்டும் ஆளில்லை. அதனால்தான், தனித்துப்போன மாணவரைப் பார்த்து "கூச்ச சுபாவம்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. படிப்பின் அமைப்பே அப்படி.

சிக்கல் வந்தபின் குழு தேடினால் கிடைக்காது. முதல் மாதமே நான்கு முதல் ஆறு பேரைச் சேருங்கள். மூன்று பேர் என்றால் ஒருவர் களப்பணிக்குப் போனதும் கலைந்துவிடும். எட்டுப் பேர் என்றால் உங்கள் முறை வர இரண்டு மாதமாகும். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், நாளை மாற்றவே கூடாது. வாரம் ஒருவர் தாம் எழுதியதில் ஐந்து பக்கத்தைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக அனுப்ப வேண்டும், கூடவே "எந்த இடத்தில் வாதம் அறுந்துபோகிறது?" என்பதுபோல் இரண்டு கேள்விகள். முழு அத்தியாயத்தை அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், அடுத்த வாரம் வரவும் கூசுவார்கள். பக்கங்களைப் பேச முக்கால் மணி. பிறகு பேச்சை நிறுத்தி, 25 நிமிடம் எல்லோரும் உட்கார்ந்து எழுதுங்கள்.

இரண்டு விதமாக இது கெடும். ஒன்று, கூட்டம் நெறியாளரைக் குறைசொல்லும் இடமாகிவிடும். இன்னொன்று, மூத்தவர் ஒருவர் இரண்டாம் நெறியாளராகிவிடுவார். தலைமையை வாரம் ஒருவருக்கு மாற்றினால் இரண்டும் பெரும்பாலும் அடங்கும்.

குழு முழுக்கத் தமிழர்களாக இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காவடிக்கும் பொங்கலுக்கும் நம்மவர்கள் போதும். ஆய்வுக்கு இந்த மண்ணின் மொழியான ஜூலு பேசும் தோழர் வேண்டும். ஆய்வில் பங்கேற்பவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் ஜூலு மொழிபெயர்ப்பு கிராமத்துப் பாட்டிக்குப் புரியுமா என்று அவர்தான் சொல்ல முடியும். அவருடைய புள்ளியியல் அட்டவணையை நீங்கள் பாருங்கள்.

அதிக மாதங்களை விழுங்குவது எத்திக்ஸ் அனுமதி, அதாவது ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராது என்று பார்த்துப் பல்கலைக்கழகக் குழு தரும் அனுமதி. ஆய்வு நடக்கும் பள்ளியோ மருத்துவமனையோ அதன் நிர்வாகம் தரும் கேட்கீப்பர் கடிதம் இல்லாமல் விண்ணப்பம் அப்படியே நிற்கும். அனுமதிக்கு முன் எடுத்த பேட்டிகளுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் கிடைக்காது, அத்தனை உழைப்பும் வீண். பள்ளிகளில் நான்காம் பருவம் தேர்வுக்காலம், உள்ளே விடத் தயங்குவார்கள். ஆகவே பருவக் கணக்கைப் பார்த்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள். ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு விண்ணப்பத்தைக் குழுவில் பகிர்ந்தாலே பாதித் திருத்தங்கள் குறையும்.

நெறியாளரைச் சந்தித்த அன்றே அரைப்பக்க மின்னஞ்சல் அனுப்புங்கள்: என்ன முடிவானது, அடுத்து நான் தருவது எது, எந்தத் தேதியில். ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சு வராது.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் விசா முடிய 60 நாளுக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாக வேண்டும். மாணவர் விசாவில் பகுதிநேர வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான்.

டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எப்போ முடிப்பே?" என்று கேட்காதீர்கள், "இப்போ எந்த அத்தியாயம்?" என்று கேளுங்கள். டிசம்பர் நடுவில் வளாகம் மூடி, விடுதியும் வெறிச்சோடிவிடும். ஊருக்குப் போக வழியில்லாத பிள்ளைகளை அந்த வாரங்களில் சாப்பிடக் கூப்பிடுங்கள். குழுக்காரர்கள் ஜனவரியின் முதல் கூட்டத் தேதியை நவம்பரிலேயே குறித்துவிடுங்கள். விடுமுறைக்குப்பின் "யார் முதலில் கூப்பிடுவது" என்று காத்திருந்தே கலைந்துபோகும் குழுக்கள்தான் அதிகம்.